பழைய லொறியில் மனிபோல்ட் கசிவு: கண்டுபிடிப்பதும் திருத்துவதும்

தம்புள்ளைச் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிப் போன ஓர் இரவு. ஆனையிறவு தாண்டியதும் கிளீனர் தம்பி தலையிடி என்றான். கிளிநொச்சியில் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன். மாங்குளத்தில் சத்தி எடுத்தான். காய்ச்சல் தொடங்குகிறது என்று நினைத்து, குளிருமே என்று அவன் பக்க யன்னலையும் பூட்டிவிட்டேன். வவுனியாத் தேநீர்க்கடையில் நின்ற வயதான சாரதி ஒருவர் எங்கள் லொறிக்குள் தலையை நீட்டிய உடனேயே சொன்னார்: "தம்பி, உது காய்ச்சலில்லை, புகை." இருக்கையைத் தூக்கிப் பார்த்தோம். மனிபோல்ட் ஹெட்டோடு சேரும் இடமெல்லாம் கரி. கியர்க் கம்பின் அடி ரப்பர் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலால் மணிக்கணக்காக எங்களுக்குப் புகை ஏறியிருக்கிறது. நான் பூட்டிய யன்னல் நிலைமையை இன்னும் மோசமாக்கியிருக்கிறது.

இசுசு எல்ஃப் போன்ற, எஞ்சின் இருக்கைக்குக் கீழே இருக்கும் லொறிகளில் இந்த ஆபத்து அதிகம். டீசல் புகையில் காபன் மொனொக்சைட்டு பெற்றோலை விடக் குறைவுதான். ஆனாலும் மூடிய கபினுக்குள் அது சேரும். அந்த வாயுவுக்கு மணமில்லை, ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் பலமாக இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். டீசல் புகை புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் வகைப்படுத்தியது. "சும்மா சத்தம்தானே" என்று ஓடுபவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய லொறியையே திருத்தித் திருத்தி ஓட்டும் நிலை வந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊருக்கு இது புதிதல்ல. ஆனால் கடற்காற்றின் உப்பு எங்கள் பக்கத்து ஸ்ரட்டுகளை விட்டுவைப்பதில்லை.

முதலில், ஏன் கசிகிறது? மனிபோல்ட் வார்ப்பிரும்பு. 60 சென்ரிமீற்றர் நீளமான ஒன்று 400 பாகை சூடேறினால் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் நீளும். ஹெட் அவ்வளவு சூடாவதில்லை, அவ்வளவு நீளுவதுமில்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் இந்த இழுபறி நடக்கிறது. அதனால்தான் இரண்டு அந்தங்களிலும் உள்ள ஸ்ரட்டுகள் முதலில் உடைகின்றன.

கசிவைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கேளுங்கள். "டிக் டிக்" என்ற சத்தம் சூடேறியதும் குறைந்தால் மனிபோல்ட்டைச் சந்தேகிக்கலாம். இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. ரப்பெற் சத்தம் பொதுவாக அப்படிக் குறையாது. இன்ஜெக்ரரின் அடி வொஷர் கசிந்தாலும் இதே மாதிரிக் கேட்கும் என்பதால் அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, சைலன்சர் வாயால் மெதுவாகக் காற்றைச் செலுத்தி, சவர்க்காரத் தண்ணீரைப் பூசிப் பாருங்கள். குமிழி வரும் இடந்தான் கசிவு.

கழற்றுவதில்தான் பொறுமை வேண்டும். முதல் நாள் மாலையிலேயே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாளும் நட் அசையாவிட்டால் நீண்ட குழாயைப் போட்டு இழுக்க வேண்டாம். காஸால் நட்டைச் சிவக்கச் சூடாக்கி, சற்று ஆறியதும் மெழுகுதிரியைத் தொட்டால் மெழுகு மரைக்குள் இழுபடும். எரிபொருள் குழாய்களையும் வயரையும் விலக்காமல் நெருப்பைப் பற்றவைக்கக் கூடாது. ஸ்ரட் உடைந்து ஒரு துண்டு வெளியே நின்றால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே ஒட்டி, ஆறவிட்டுக் கழற்றலாம். ஒட்டும் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். மட்டத்துக்குள் உடைந்திருந்தால் நடுவில் துளைக்க வேண்டும். துளை சரிந்தால் ஹெட் கெடும். அந்த இடத்தில் நான் தன்மானம் பார்ப்பதில்லை, லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவேன்.

பழைய கஸ்கற்றில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். நனைத்துச் சுரண்டுங்கள், கம்பித் தூரிகையால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம்.

பிறகு நேர் விளிம்புள்ள சட்டத்தை மனிபோல்ட்டின் முகத்தில் வைத்து, பீலர் கேஜ் எவ்வளவு நுழைகிறது என்று பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் முகத்தைச் சீவ வேண்டும். இரட்டைக் கஸ்கற் போடுவதும் சிலிக்கன் அப்புவதும் ஒரு பயணத்துக்குத்தான் காணும். வெடிப்பு இருந்தால் சாதாரணக் குச்சியால் ஒட்டியது பெரும்பாலும் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். நிக்கல் குச்சி, முழுத் துண்டையும் முன்சூடாக்கல், பிறகு சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிடல் என்று செய்தால் ஓரளவு நிலைக்கும். நல்ல பழைய மனிபோல்ட் ஒன்று கிடைத்தால் அதைப் போடுவதே மேல் என்பது என் எண்ணம்.

பூட்டும்போது எல்லா ஸ்ரட்டையும் புதிதாகப் போடுங்கள். பழைய பெட்போர்ட் என்றால் அங்குல மரை, ஜப்பான் லொறி என்றால் மில்லிமீற்றர் மரை. மாறிப் போட்டால் இரண்டு சுற்றுக்குப் பிறகு ஹெட்டின் மரையே போய்விடும். பித்தளை நட் துருவோடு இறுகாது, அடுத்த முறை கழற்றுபவர் உங்களைத் திட்டமாட்டார். நடுவிலிருந்து அந்தங்களை நோக்கி, இரண்டு மூன்று தடவையாக, கம்பனிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். ஒரு ஓட்டம் ஓடி நன்றாக ஆறிய பின் திரும்பவும் அளவு பார்க்கலாம். அந்தத்து ஸ்ரட்டுகளின் துளை சற்றுப் பெரிதாக இருப்பது விரிவதற்கான இடம். அதைத் தகரம் வைத்து அடைத்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

எங்கள் லொறியில் மூன்று ஸ்ரட்டுகள் உடைந்திருந்தன. வேலை ஒன்றரை நாள் எடுத்தது. வெங்காயத்தை வவுனியாவில் வேறு லொறிக்கு மாற்றிய கூலி திருத்தச் செலவை விடக் கூட. கியர்க் கம்பின் ரப்பரையும் அன்றே மாற்றினேன்.