பள்ளப் பணிகளில் தொல்லியல் கண்காணிப்பு: மரக்காணம்

பழைய ஊர்களில் குடிநீர்க் குழாய், வடிகால், மின்கேபிள் ஆகியவற்றுக்குப் பள்ளம் தோண்டும்போது, தொல்லியல் அறிந்த ஒருவர் உடனிருந்து மண்ணைப் பார்த்துப் பதிவு செய்வது தொல்லியல் கண்காணிப்பு எனப்படும். அகழாய்வில் தோண்டும் இடத்தை ஆய்வாளர் தேர்கிறார். இங்கே குழாய் போகும் தடமே அதை முடிவு செய்துவிடுகிறது.

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை, சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினமாக அறிஞர் பலர் கொள்வர். இவ்வூர்ப் பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் உப்பளங்கள் இடம்பெறுகின்றன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2005–06இல் இங்கும், 2011–12இல் அருகிலுள்ள ஆலம்பரைக் கோட்டையிலும் அகழாய்வு நடத்தியது. அகழாய்வுக் குழிகள் ஊரின் ஓரிரு இடங்களைத்தான் தொடும். குழாய்ப் பள்ளமோ தெருத்தெருவாக ஊரையே அறுத்துக்கொண்டு போகும்.

கண்காணிப்பாளருக்கு முதலில் வேண்டியது பல் இல்லாத பக்கெட் பூட்டிய ஜேசிபி. பல் வைத்த பக்கெட் மண்ணைக் கிளறிவிடும். பல் இல்லாதது சீவி எடுக்கும். அவர் கண் பள்ளத்தின் அடியைவிடப் பக்கச் சுவரில்தான் அதிகம் நிற்கும்: மணலுக்கு நடுவே சாம்பல் கோடு, வரிசை குலையாத செங்கல், சுடுமண் உறைகள் அடுக்கிய உறைகிணற்றின் வெட்டுமுகம். கடற்கரை மணலில் அந்தச் சுவர் நெடுநேரம் நிற்காது. சரிவதற்குள் அளவுகோல் சாத்திப் படம் எடுத்தாக வேண்டும். வெளியே கொட்டிய மண்ணில் ஓடு பொறுக்குவது அதற்குப் பிறகுதான்.

சட்டத்தின் ஓட்டை இந்த வேலையில்தான் பளிச்சென்று தெரிகிறது. 1958ஆம் ஆண்டின் மத்திய நினைவுச்சின்னச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தம், தேசிய நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைப் பகுதியாகவும், அதற்கு அப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைப் பகுதியாகவும் வகுத்தது. அதே திருத்தம் ‘கட்டுமானம்’ என்ற சொல்லின் வரையறையிலிருந்து வடிகால், குடிநீர், மின் வழங்கல் பணிகளை விலக்கிவிட்டது. மாடியில் ஓர் அறை எழுப்ப முடியாதவர் வீட்டு வாசலிலேயே சாக்கடைக்குப் பள்ளம் விழலாம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமோ பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. 2020இல் திருவானைக்காவல் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது கிடைத்த 505 பொற்காசுகள் ஊருக்கெல்லாம் செய்தியாயின. பானை ஓட்டுக்கு யார் விலை போடுவார்?

இத்தகைய ஓட்டையை அடைக்க வழி உண்டு: இலங்கை 1998இல் தொல்பொருள் சட்டத்தைத் திருத்தி, பெரிய திட்டங்களுக்கு முன்கூட்டியே தொல்லியல் தாக்க மதிப்பீடு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. சாதாரணப் பள்ளமும் எதை வெளிக்கொணரும் என்பதற்கு மெக்சிகோ சான்று: மெக்சிகோ நகரில் 1978இல் மின்வாரியத் தொழிலாளர்கள் தோண்டிய பள்ளத்தில் கொயோல்சாவ்கி தேவியின் வட்டக்கல் தட்டுப்பட்டது. விட்டம் 3 மீட்டருக்கு மேல். ஆஸ்டெக் பெருங்கோயிலின் அகழாய்வு அதிலிருந்தே தொடங்கிற்று.

பிறர் தோண்டிய பள்ளத்தில் தொல்பொருள் கிடைப்பதற்குத் தமிழகத்தில் இன்னும் பழைய முன்னோடி உண்டு. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், சரளைக்காக யாரோ வெட்டிப்போட்ட குழியின் கற்களிலிருந்து நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவி ஒன்றை எடுத்தார். அந்தக் குழியை அவர் வெட்டவில்லை.