கீழ்ப்பாக்கம், குதிரவட்டம், அப்புறம் எங்கள் மாமா

போன மாதம் இங்கே மெல்போர்னில் பையனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பரீட்சை நேரம், சரியாகத் தூக்கமில்லை, அவ்வளவுதான். டாக்டர் சாதாரணமாகக் கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்று. "இல்லை" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. காரில் ஏறின பிறகுதான் உறைத்தது, சொன்னது பொய் என்று...

எங்கள் மாமா இருக்கிறாரே. அம்மாவின் தம்பி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விவசாயம். தொண்ணூறுகளில் ஒரு கோடையில் அவர் பத்து நாள் தூங்கவே இல்லை. களைப்பும் இல்லை. ஒரே வாரத்தில் இரண்டு பம்ப்செட், ஒரு பழைய ஜீப், எல்லாம் கடனில். விடிய விடியப் பேச்சு. மூன்று மாதம் கழித்துச் சுவரைப் பார்த்துப் படுத்தவர், குளிக்கக்கூட எழவில்லை. இதற்கு பைபோலார், அதாவது இருமுனைக் கோளாறு என்று பெயர். அன்று எங்கள் வீட்டில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஊருக்கு மட்டும் இரண்டு பெயர் தெரியும். தமிழில் கேலி செய்தால் "கீழ்ப்பாக்கம்", மலையாளத்தில் செய்தால் "குதிரவட்டம்". எல்லையில் பிறந்தவனுக்கு இரண்டும் கிடைக்கும்!

நான் பி.காம். படித்து பாங்கில் வேலை பார்ப்பவன், டாக்டர் இல்லை. பழக்க தோஷத்தில் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1870இல் திருவனந்தபுரத்தில் மனநோய் மருத்துவமனை. 1794இல் சென்னையில் தொடங்கியது 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. 1872இல் கோழிக்கோடு குதிரவட்டம். 1889இல் திருச்சூர். எங்கள் எல்லைப் பகுதி அப்போது மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்தது. தேவிகுளம், பீர்மேடு திருவிதாங்கூர், சித்தூர் கொச்சி, பாலக்காடு டவுன் வெள்ளைக்காரனின் மலபார். ஆட்சி வேறு வேறு, ஆனால் வழி ஒன்றுதான்: ஊரைவிட்டுத் தூரத்தில் ஒரு மதில். 1912ஆம் ஆண்டுச் சட்டமும் அடைத்து வைப்பதைத்தான் முக்கியமாகப் பேசியது. 1993 வரை அதுதான் நம் சட்டம். உள்ளே போனவர் திரும்புவாரா என்று தெரியாது. ஊர்ப் பெயர் வசவானது இப்படித்தான்.

மருந்து கிடைத்தது எங்கே தெரியுமா? நான் குடியிருக்கும் இதே மெல்போர்னில். ஜான் கேட் என்ற டாக்டர், ஜப்பான்காரர்களிடம் சாங்கியில் மூன்று வருஷத்துக்கு மேல் போர்க்கைதியாக இருந்துவிட்டு வந்தவர். புந்தூரா மருத்துவமனையில் 1948இல் லித்தியம் உப்பைக் கொடுத்துப் பார்த்தார். வருஷக்கணக்காக எழுச்சி நிலையிலேயே இருந்த ஒரு நோயாளி சில மாதங்களில் வீட்டுக்குப் போய் வேலையிலும் சேர்ந்தார். 1949இல் கட்டுரை வந்தது.

ஆனால் அந்த முதல் நோயாளியின் கதை அங்கே முடியவில்லை. மருந்தை நிறுத்தினார், நோய் திரும்பியது. மறுபடி ஆரம்பித்து, 1950இல் லித்தியம் உடம்பில் நஞ்சாகி இறந்தே போனார். அதனால்தான் இன்று ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இந்த மருந்தைக் கொடுக்கிறார்கள். மருந்து மட்டும் போதாது, கூட ஒரு ஆள் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

அந்த "கூட ஒரு ஆள்" விஷயத்தில் நம் நாடு முன்னாலேயே யோசித்திருக்கிறது. 1950களில் அமிர்தசரஸில் வித்யா சாகர் என்ற டாக்டர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளியின் குடும்பத்தையும் தங்க வைத்தார். 1957இல் வேலூர் சி.எம்.சி. பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் வீட்டு ஆள் கூடவே தங்கும் முறைதான். இடம் பற்றாததால் செய்த ஏற்பாடு போலத் தோன்றும். பலன் என்னவென்றால், நோயைப் பற்றி வீடே பாடம் படித்துவிடுகிறது. பின்னால் 2003இல் பார்சிலோனாவில் 120 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். மருந்தோடு 21 வகுப்புகளில் நோயைப் பற்றிக் கற்றுக்கொண்டவர்களுக்கு அது திரும்பி வருவது குறைந்தது. தூக்கம் குறைவதைக் கவனிப்பது, மருந்தை விடாமலிருப்பது, முன்னறிகுறி தெரிந்தவுடன் டாக்டரைப் பார்ப்பது, இவைதான் பாடம்.

எங்கள் வீட்டில் இதைப் படிக்க ரொம்ப நாளானது. கோவில், தர்கா என்று அலைந்தோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் செத்துப்போனார்கள். பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்த பாட்டி, "என் பையனைக் கட்டிப்போட விடமாட்டேன், ஆஸ்பத்திரிக்கே போகலாம்" என்றார். அதற்கப்புறம் அத்தைதான் மாமாவின் நர்ஸ், கணக்கப்பிள்ளை எல்லாம். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று தினமும் காலண்டரில் எழுதுவார். இரண்டு நாள் தொடர்ந்து நாலு மணி நேரத்துக்குக் கீழே போனால் செக் புக் அத்தையின் பெட்டிக்குள் போய்விடும், மாமாவுக்கு டாக்டர் வீட்டு பஸ். மாமா இன்றும் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். ஜீப் கடனையும் அடைத்துவிட்டார்.

இந்த நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும். நம் பிள்ளைகள் வீட்டைவிட்டு யுனிவர்சிட்டிக்குப் போகிற வயது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்றில்லை. ஆனால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். சோர்வு என்று மட்டும் நினைத்துக் கொடுக்கிற மாத்திரை சிலருக்கு எழுச்சியைக் கிளப்பிவிடும். கல்யாணப் பேச்சுக்காக நாம் மறைக்கிற ஒரு மாமா, பிள்ளையின் மருத்துவச் சீட்டில் இல்லாத ஒரு வரி. ஊரில் இருப்பவர்களுக்கு 2022 முதல் டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

மறுநாள் டாக்டருக்கு போன் செய்து மாமாவைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் பையனுக்கும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவன் கேட்ட ஒரே கேள்வி: "அத்தைப் பாட்டி அந்தக் காலண்டரை எல்லாம் வெச்சிருக்காங்களாப்பா?"

வைத்திருக்கிறார். பரண் மேல், வருஷ வாரியாக.