அப்பா அம்மாவுக்கு விசிட்டர் விசா: உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட் எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது?

மைசூர் மைன்ஸ் லைன் வீடு ஒன்றில் பிறந்தீர்கள். மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூரு போய் வந்து படித்தீர்கள். இப்போது லண்டனிலோ லீட்ஸிலோ வேலை. அப்பா அம்மாவை ஓர் ஆறு வாரம் அழைத்து வந்து ஊரைச் சுற்றிக் காட்ட ஆசை. போனில் அப்பா தயங்குகிறார்: "ஏம்பா, என் அக்கவுன்ட்ல ஒண்ணுமே இல்லையே, எப்படி விசா கொடுப்பான்?" உடனே நீங்கள், "கவலைப்படாதீங்கப்பா, நான் அஞ்சு லட்சம் போட்டு விடறேன்" என்கிறீர்கள்.

அந்த அஞ்சு லட்சத்தைப் போடாதீர்கள். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

தங்கவயல்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அன்று நாற்பது வயதில் வேலை இழந்தவருக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. அதன் பிறகு கிடைத்த வேலை, சீட்டு, தையல், டியூஷன் என்று வீட்டுக்கு வந்த பணத்தில் பெரும்பகுதி கையில் வந்து கையிலேயே செலவானது. பேங்க் வாசலை மிதிக்கவில்லை. குடியிருப்பதோ கம்பெனி கட்டிய லைன் வீடு. பல குடும்பங்களிடம் அதற்குச் சொந்தப் பத்திரம் இல்லை. "சொத்து ஆவணம் இணைக்கவும்" என்று எவராவது சொன்னால், இணைக்க ஒன்றும் இருக்காது. அதனால் முழுச் சுமையும் மகன் அல்லது மகளின் தலையில் வந்து விழுகிறது.

அதிகாரி கேட்பது இரண்டு கேள்வி

பிரிட்டனின் குடியேற்ற விதிகளில் வருகையாளர்களுக்கான பகுதியின் பெயர் 'அப்பெண்டிக்ஸ் வி'. அதைப் படித்தால் விசா அதிகாரிக்கு முக்கியமாக இரண்டு கேள்விகள் இருப்பது தெரியும். இந்தப் பயணச் செலவை யார், எப்படிச் சமாளிப்பார்கள்? வந்தவர் உண்மையிலேயே சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாரா?

முதல் கேள்விக்கு உங்கள் பணம் பதில் சொல்லும். செலவை மூன்றாம் நபர் ஏற்கலாம் என்று விதியே அனுமதிக்கிறது. அவருக்கு விண்ணப்பதாரரோடு உண்மையான உறவு இருக்க வேண்டும், பிரிட்டனில் சட்டப்படி இருக்க வேண்டும், தங்கும் காலம் முழுவதும் செலவைத் தாங்கக்கூடியவராகவும், தாங்கப் போகிறவராகவும் இருக்க வேண்டும். குறைந்தபட்சம் இவ்வளவு தொகை என்று எங்கும் சொல்லப்படவில்லை. "பத்து லட்சம் பேலன்ஸ் இருந்தாத்தான் கிடைக்கும்" என்பது ஊர்ப் பேச்சு.

இரண்டாவது கேள்விக்கு உங்கள் பணம் பதில் சொல்லாது. நீங்கள் கோடீஸ்வரராகவே இருந்தாலும், அப்பா ஊர் திரும்புவார் என்பதற்கு உங்கள் பேங்க் பேலன்ஸ் சாட்சி ஆகாது. பலரும் முதல் கேள்விக்கு ஐம்பது பக்கம் இணைத்துவிட்டு, இரண்டாவதற்கு ஒரு வரிகூட எழுதாமல் அனுப்பிவிடுகிறார்கள்.

அஞ்சு லட்சம் என்ன செய்யும்?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்களுக்கு மாதம் கையில் வருவது 3,000 பவுண்டு. வாடகை 1,150, கவுன்சில் டேக்ஸ், கேஸ், போன் 350, சாப்பாடு, போக்குவரத்து 500, கடன் தவணை 300. மீதி 700. சேமிப்பில் 4,800 பவுண்டு இருக்கிறது.

பயணச் செலவு? இரண்டு டிக்கெட் 1,400, ஆறு வாரச் சாப்பாட்டுச் செலவு 500, ஊர் சுற்ற 300. விசா கட்டணம் 2025 ஏப்ரலில் ஆளுக்கு 127 பவுண்டாக உயர்ந்தது; இரண்டு பேருக்கு 254. மொத்தம் 2,454. தங்குவது உங்கள் வீட்டில். உங்கள் சேமிப்பு இதைத் தாராளமாகத் தாங்கும். இதற்கு மேல் எதையும் ஜோடிக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த அஞ்சு லட்சத்தை அப்பாவுக்கு அனுப்புங்கள். சுமார் 4,000 பவுண்டு போய்விட்டது. உங்கள் ஸ்டேட்மென்ட்டில் சேமிப்பு திடீரென வடிந்திருக்கிறது. அப்பாவோட ஸ்டேட்மென்ட்டிலோ மாதம் சில ஆயிரம் புழங்கிய கணக்கில், விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு ஐந்து லட்சம் வந்து விழுந்திருக்கிறது. நன்றாக இருந்த இரண்டு கணக்குகளையும் ஒரே டிரான்ஸ்ஃபரில் கெடுத்துவிட்டீர்கள். அதிகாரி மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பதில்லை. பணம் எங்கிருந்து வந்தது, அது உண்மையில் இவருடையதா என்றும் பார்ப்பார்.

ஏற்கெனவே மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறீர்களா? அது வேறு கதை, நல்ல கதை. 15,000 ரூபாய் உங்கள் கணக்கிலிருந்து போவதும் அப்பா கணக்கில் வருவதும் ஆறு மாதமாகப் பொருந்தி நின்றால், உறவுக்கும் பொறுப்புக்கும் அதுவே சாட்சி. இரண்டு ஸ்டேட்மென்ட்டிலும் அந்த வரிகளைக் குறித்துக் காட்டுங்கள்.

நீங்கள் இணைக்க வேண்டியது

ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், அதில் வரும் சம்பளத்தோடு பைசா மாறாமல் பொருந்தும் சம்பளச் சீட்டுகள், கம்பெனியின் வேலை உறுதிக் கடிதம், வீட்டின் டெனன்சி அக்ரிமென்ட், உங்கள் பாஸ்போர்ட் பக்கமும் விசா நிலையும். ஒரு ரூமில் வாடகைக்கு இருந்தால் பெற்றோர் தங்க வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். உறவுக்கு, உங்கள் பிறப்புச் சான்றிதழ்.

பிறகு ஒரு கடிதம். முத்திரைத்தாள், நோட்டரி எல்லாம் தேவையில்லை. ஒரு பக்கம் போதும். யார் வருகிறார்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எங்கே தங்குகிறார்கள், எந்தச் செலவை நீங்கள் ஏற்கிறீர்கள், தோராயமாக எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆன்லைன் படிவத்திலும், வேறு யாராவது செலவு செய்கிறார்களா, எவ்வளவு, ஏன் என்ற கேள்விகள் வரும். அங்கே அப்பா 1,000 என்று போட்டு, உங்கள் கடிதத்தில் 2,500 என்று இருந்தால் சிக்கல். படிவத்தை இரண்டு பேரும் சேர்ந்து வீடியோ காலில் நிரப்புவது நல்லது.

அப்பா பக்கம் என்ன காட்டுவது?

சொத்து இல்லை என்பதற்காக வேர் இல்லை என்று ஆகிவிடாது. ஊரில் அண்ணன் குடும்பம் இருக்கிறதா, அம்மா பார்த்துக்கொள்ளும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களா, பாட்டிக்குத் துணை யார்? அப்பாவுக்கு இ.பி.எஸ். பென்ஷன் வந்தால், குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாயே ஆனாலும், அது விழும் பாஸ்புக்கைக் காட்டுங்கள். சின்னக் கடை இருந்தால் நகரசபை லைசென்ஸ். தனியார் வேலை என்றால் லீவு அனுமதிக் கடிதம். இதற்கு முன் சிங்கப்பூரோ துபாயோ போய்த் திரும்பியிருந்தால் அந்த பாஸ்போர்ட் முத்திரை பெரிய பலம்.

கையில் வரும் வருமானத்தை மறைக்காதீர்கள், ஊதிப் பெருக்கவும் வேண்டாம். அம்மா தைத்துச் சம்பாதிப்பது மாதம் 6,000 என்றால் 6,000 என்றே எழுதுங்கள். அடுத்த வருடம் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், இன்றிலிருந்தே அதை மாதாமாதம் பேங்கில் போடச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கே உரிய இரண்டு விஷயங்கள். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும், ரேஷன் கார்டு முதல் நகரசபை ரசீது வரை பல கன்னடத்தில் இருக்கும். இணைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்; மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரத்தோடு. அடுத்தது இனிஷியல். பழைய கம்பெனி அட்டையில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக, பேங்கில் வேறு எழுத்துக்கூட்டல். மூன்றும் ஒரே ஆள்தான் என்று உங்கள் கடிதத்திலேயே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

"பேலன்ஸ் காட்டித் தர்றோம், பேங்க் சர்டிபிகேட் தர்றோம்" என்று வரும் ஏஜென்ட்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். போலி ஆவணம் என்று தெரிந்தால் பிரிட்டன் பத்து ஆண்டு வரை தடை விதிக்கலாம். தடை விழுவது ஏஜென்ட்டுக்கு இல்லை, அப்பாவுக்கு.

வேறு நாடு என்றால்?

அமெரிக்காவில் ஸ்பான்சரின் பணத்துக்கு மதிப்பு இன்னும் குறைவு. பி-2 விசாவுக்கு அழைப்புக் கடிதமோ ஆதரவுப் பத்திரமோ கட்டாயமில்லை. நேர்காணலில் அப்பா தன் சொந்த நிலையை வைத்துத்தான் தகுதி பெற வேண்டும். அவரைத் தயார்படுத்துவதில் நேரம் செலவிடுங்கள். ஜெர்மனி நேர் எதிர். அங்கே உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வருமானத்தைக் காட்டி, 29 யூரோ கட்டி, பொறுப்பேற்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். அது வெறும் கடிதம் அல்ல: அப்பா அம்மாவுக்காக அரசு செலவு செய்ய நேர்ந்தால் உங்களிடம் வசூலிக்கும். கனடாவின் சூப்பர் விசாவுக்கு உங்கள் குடும்ப அளவுக்கேற்ற குறைந்தபட்ச வருமானமும், பெற்றோருக்கு ஒரு லட்சம் கனடா டாலர் மருத்துவக் காப்பீடும் வேண்டும்; ஒரே முறையில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம்.

மறுத்துவிட்டால்?

குடும்ப வருகையாளர்களுக்கு இருந்த மேல்முறையீட்டு உரிமையை பிரிட்டன் 2013 ஜூன் 25 முதல் எடுத்துவிட்டது. கட்டணமும் திரும்பி வராது. ஆனால் மறுப்புக் கடிதத்தில் காரணம் இருக்கும். கோபம் ஆறியதும் அதை வரி வரியாகப் படியுங்கள். 'வி 4.2' என்று இருந்தால், பெரும்பாலும் திரும்புவாரா என்ற சந்தேகம்தான். அதற்கு உங்கள் பேங்க் பேலன்ஸை உயர்த்திக் காட்டிப் பயனில்லை. மறுபடி விண்ணப்பிக்கத் தடை ஏதும் இல்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். படிவத்தில் முந்தைய மறுப்பைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவர்களிடம் பதிவு இருக்கிறது. பழைய கடிதம் எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் புதிய ஆவணம் கைக்கு வந்த பிறகே அடுத்த கட்டணத்தைக் கட்டுங்கள்.