வேட்டை நிலமும் மேய்ச்சல் நிலமும்

வடபுலத்தில் வாழும் நம் குடும்பத்தினருள் ஆக்ராவுக்குச் சென்று தாஜ்மகாலைக் கண்டோர் பலர். அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்று பரத்பூரின் கேவலாதேவ் பறவைப் பூங்காவைக் கண்டோரும் சிலர் இருப்பர். இன்று பறவைகளின் புகலிடமாக விளங்கும் அந்நிலம், அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பறவைகளைச் சுட்டு வீழ்த்துவதற்கென்றே பேணப்பட்டது என்பதை அறிந்தோர் குறைவு. அதன் அண்டையில் கால்நடை வளர்த்தோர் எய்திய நிலையை அறிந்தோர் அதனினும் குறைவு. குதிரையாயினும் மாடாயினும், பறவை வேட்டை நிலத்தின் அருகே பிராணி வளர்ப்பது எளிதன்று. அதன் வரலாற்றை ஒருவாறு ஈண்டுக் கூற முற்படுகிறேன்.

இவ்வேட்டை முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. ஆகவே முதற்கண் அந்நாட்டை நோக்குவோம். ஆங்கே நிலக்கிழாரின் பெருமை இரண்டு. ஒன்று இலாயத்தில் நிற்கும் குதிரை. மற்றொன்று தோப்பில் வளரும் பெசன்ட் என்னும் கோழியினப் பறவை. குதிரையோ இயல்பிலேயே மருளும் பிராணி, கூரிய செவியுடையது. எதிர்பாராத ஓசை கேட்டால் நின்று ஆராயாது, ஓடும். போர்க்குதிரையைக்கூட முதலில் தொலைவில் வெடியோசை கேட்கச் செய்து, பின்னர்ச் சிறிது சிறிதாக அணுகிவந்தே பழக்குவர். அங்ஙனமிருக்க, அடுத்த தோப்பில் பல துப்பாக்கிகள் ஒருங்கே முழங்கினால் புல்வெளியில் நிற்கும் குதிரையின் பாடு என்னாவது! 1831ஆம் ஆண்டுச் சட்டம் ஞாயிற்றுக்கிழமையிலும் கிறிஸ்துமஸ் நாளிலும் இவ்வேட்டையைத் தடுத்தது. சமயம் கருதி விதித்த விதியாயினும் குதிரைகளுக்கும் அது ஓய்வு நாளாயிற்று.

ஆயினும் பெரும் பூசல் ஓசையால் எழவில்லை, நரியால் எழுந்தது. குதிரை ஏறி வேட்டைநாய்களுடன் நரியைத் துரத்துவது அக்கால ஆங்கிலச் செல்வரின் குளிர்காலக் கேளிக்கையாக இருந்தது. பெசன்ட் சுடுவதற்குரிய காலமும் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை என வகுக்கப்பட்ட அதே குளிர்காலம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், பின்புறமாகத் தோட்டா இடும் துப்பாக்கி பரவியது. விரைந்து சுட வழி பிறந்ததும், ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் வீழ்த்தும் ஆசையும் பிறந்தது. அதற்காகப் பெசன்ட் குஞ்சுகளை நாட்டுக்கோழியின் அடியில் பொரிக்கவைத்து வளர்த்தனர். வளர்த்த குஞ்சுகளை நரி கவர்ந்தது. தோப்புக் காவலர் நரியைக் கொன்றனர். நரி இல்லையேல் குதிரைக்காரருக்கு வேட்டை ஏது? தோப்பில் பறவை வேட்டை முடியும்வரை குதிரையும் நாயும் உள்ளே வரலாகாது எனத் தடுத்த நிலக்கிழாரும் இருந்தனர். இரு சாராரும் ஒரே குலத்துச் செல்வராதலின், இவ்வழக்குகள் பெரும்பாலும் விருந்து மேசையிலேயே தீர்ந்தன. வேட்டைக்கு அண்டையில் பிராணி வளர்ப்பவன் ஏழையாயின் அது தீரும் வகை வேறு. அதற்குப் பரத்பூரே சான்று.

பரத்பூர் ஜாட் மன்னர்களின் தலைநகர். 18ஆம் நூற்றாண்டில் சூரஜ்மல் மன்னர் நகருக்கு அருகே அஜான் என்னும் அணையைக் கட்டினார். தாழ்வான அந்நிலத்தில் மழைநீர் தேங்கியது. கருவேல மரங்கள் செறிந்தன. அடர்ந்த காடு என்னும் பொருளில் அதனை ‘கனா’ என்றனர். நடுவே சிவபெருமானுக்குக் கேவலாதேவ் என்னும் பெயரில் ஒரு சிறு கோயில். சுற்றியுள்ள ஊரார் தம் பசுவையும் எருமையையும் அங்கேதான் மேய்த்தனர். விறகும் புல்லும் அங்கிருந்தே கொண்டனர்.

19ஆம் நூற்றாண்டின் முடிவில், இங்கிலாந்தில் கல்வி பயின்ற மோர்வி இளவரசர் ஹர்பாம்ஜி பரத்பூர் ஆட்சியின் பொறுப்பேற்றார். அவரே கால்வாய்களும் கரைகளும் மதகுகளும் அமைத்து, அந்நிலத்தை வாத்து வேட்டைக்குரிய நீர்நிலையாக்கினார். 1902இல் வைசிராய் கர்சன் பிரபுவுக்காக அங்கே வேட்டை நடைபெற்றது. பின்னர் வைசிராய்கள் வருவதும் சுடுவதும் வழக்கமாயின. 1938 நவம்பர் 12 அன்று லின்லித்கோ பிரபுவும் உடன்வந்தோரும் ஒரே நாளில் வீழ்த்திய பறவைகள் 4,273. கோயிலுக்கு அருகே கல்லில் பொறித்துள்ள வேட்டைக் கணக்குகளை இன்றும் படிக்கலாம். நாளும் பதிவேடு எழுதும் என் போன்ற குமாஸ்தாவுக்கு அந்தக் கடைசி மூன்று மிகவும் உறுத்துகிறது. ஒரு பறவைகூட விடுபடாமல் எண்ணிய அக்கல், அந்நிலத்தை நம்பி வாழ்ந்த மாடுகள் எத்தனை எனக் கூறவில்லை. ஆயிரக்கணக்கில் தோட்டா பாயும் நாளில் எருமையுடன் ஒருவன் அங்கே நின்றிருக்க இயலுமா என்பதை நாமே உய்த்துணர வேண்டும்.

நாடு விடுதலை பெற்றபின் 1956இல் அது பறவைகளின் சரணாலயமாயிற்று. ஆயினும் வேட்டை உடனே ஒழியவில்லை. கடைசிப் பெருவேட்டை நடந்தது 1964இல். மன்னருக்கிருந்த வேட்டையுரிமை 1972 வரை நீடித்தது. மேய்ச்சலும் அதுகாறும் நடந்துவந்தது என்பதைக் கருதுக. துப்பாக்கி இருந்த காலத்தில் தப்பிய மாடு, துப்பாக்கி போனபின் வெளியேற்றப்பட்டது! அந்நிலம் தேசியப் பூங்காவாக்கப்பட்டு, சுற்றிலும் மதில் எழுந்தது. 1982 நவம்பரில் மேய்ச்சல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாய் மேய்த்த உரிமை ஓர் ஆணையால் மறைவதை ஊரார் ஏற்கவில்லை. கலகம் மூண்டது, போலீசார் சுட்டனர், ஊராருள் சிலர் மாண்டனர். பறவையைச் சுடுதல் நின்று பத்தாண்டுகள் கழித்து, அந்நிலத்தின் பொருட்டு மனிதர் சுடப்பட்டனர்.

பறவைகளுக்காவது இத்தடை நன்மை செய்ததா? பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் அங்கே பத்தாண்டுக்காலம் ஆராய்ந்து கண்டது வேறு. எருமை நீரில் இறங்கிப் புல்லைத் தின்றவரை நீர்ப்பரப்பு திறந்திருந்தது. எருமை போனதும் பாஸ்பேலம் என்னும் புல் நீரை மூடிப் படர்ந்தது. திறந்த நீரை நாடும் வாத்துகளுக்கு இடம் குறைந்தது. மீன்களுக்கும் கேடு விளைந்தது. பகையென்று கருதி விலக்கிய எருமையே ஏரிக்குத் தோட்டியாய் இருந்தது என்பது, அதனை விலக்கிய பின்னரே புலனாயிற்று. இதற்கிடையே, 1985இல் அப்பூங்கா உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பின்னர் அதிகாரிகள் ஒருவாறு இறங்கிவந்தனர். அனுமதிச் சீட்டுப் பெற்று ஊரார் உள்ளே சென்று புல் அறுத்துக்கொள்ள இசைந்தனர். மாடு தானே நடந்துசென்று தின்ற புல்லை, பெண்கள் அரிவாள் கொண்டு அறுத்துக் கட்டாகக் கட்டி, மதிலுக்கு வெளியே நிற்கும் மாட்டுக்குத் தலையில் சுமந்து வரலாயினர்.