கல் வந்த வழி

வெளிநாட்டில் வாங்கிய விலையுயர்ந்த கல்லை ஊருக்கு எப்படி வரவழைப்பது? எங்கள் புதுச்சேரியில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். பல வீடுகளில் பிள்ளையோ மருமகனோ பிரான்ஸில் இருக்கிறார். சிலோன் நீலம், பர்மா கெம்பு என்று ஜோசியர் சொன்ன கல்லை அங்கேயோ பாங்காக்கிலோ வாங்கிவிட்டு, “தபாலில் போடலாமா, கூரியரில் அனுப்பலாமா, யாராவது வரும்போது கையில் கொடுத்துவிடலாமா” என்று கேட்கிறார்கள். அரசுப் பணியில் சில ஆண்டுகள் அனுப்புகைப் பிரிவில் உட்கார்ந்தவன் என்பதால் என்னிடமும் கேட்பார்கள். நேரடியாகப் பதில் சொல்வதைவிட, பெரிய கற்கள் எந்த வழியில் பயணம் செய்தன என்று பார்ப்பது பயன் தரும் என்று நினைக்கிறேன்.

கடல் கடந்து கல் வாங்குவது நமக்குப் புதிதல்ல. சென்னை மண்ணடிப் பக்கம் பவழக்காரத் தெரு இருக்கிறதே, அந்தப் பெயரிலேயே ஒரு கப்பல் வரலாறு இருக்கிறது. பவழம் நம் கடலில் கிடைத்ததல்ல. மத்தியதரைக் கடலில் எடுத்து, இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் பக்குவம் செய்து, லண்டன் வழியாக மதராசுக்கு வந்தது. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் லண்டனில் இருந்த யூத வணிகர்கள். அவர்களுடைய உறவினர்களும் கூட்டாளிகளும் மதராசில் தங்கி, அந்தப் பவழத்தையும் வெள்ளியையும் விற்று, கோல்கொண்டா வைரங்களை வாங்கித் திருப்பி அனுப்பினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி மிளகையும் துணியையும் தன் கையில் வைத்துக்கொண்டாலும், வைரத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு தனியாருக்கு விட்டுக்கொடுத்தது. சிறிய பொருள், எப்படியும் ஒளித்துக் கொண்டுபோவார்கள், தடுப்பதைவிடக் கட்டணம் வாங்குவதே லாபம் என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தது.

அந்த வைரங்கள் போன முறை கவனிக்கத்தக்கது. கற்களைச் சிறு பையில் போட்டு முத்திரையிடுவார்கள். அந்த முத்திரைப் பைக்கு ஆங்கிலத்தில் ‘பல்ஸ்’ என்று பெயர். பை எந்த மார்க்கால் முத்திரையிடப்பட்டது, யாருக்குப் போகிறது என்பதற்குக் கப்பல் தலைவரிடம் சீட்டு வாங்குவார்கள். மொத்தச் சரக்கையும் ஒரே கப்பலில் ஏற்ற மாட்டார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு ஆறு மாதம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும் பயணம். புயல், நோய், எதிரிக் கப்பல் எல்லாம் உண்டு. ஆகவே இரண்டு மூன்று கப்பல்களில் பிரித்து அனுப்புவார்கள். கடிதத்திற்கும் நகல் எடுத்து வேறொரு கப்பலில் போடுவார்கள். ஒன்று மூழ்கினாலும் மற்றது போய்ச் சேரும், கணக்கும் அழியாது.

ஆனால் எல்லாக் கல்லையும் பிரித்து அனுப்ப முடியாதே! மதராஸ் கவர்னராக 1698 முதல் 1709 வரை இருந்த தாமஸ் பிட்டுக்கு அந்தச் சிக்கல் வந்தது. கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்தில் கிடைத்த 410 காரட் வைரம் அவரிடம் வந்தது. 80 கிராமுக்கு மேல் எடை. கொண்டுவந்த வணிகர் ஜாம்சந்த் முதலில் 2 லட்சம் வராகன் கேட்டார். பேரம் நடந்து நடந்து 48,000 வராகனுக்கு முடிந்தது.

அந்தக் கல்லுக்கு அதற்கு முன்பே ஒரு பயணம் இருந்ததாக ஒரு கதை உண்டு. சுரங்கத்தில் வேலை செய்த அடிமை ஒருவன் தன் காலை அறுத்து, காயத்துக்குள் கல்லை வைத்துக் கட்டுப்போட்டுக்கொண்டு கடற்கரைக்கு வந்தானாம். தன்னை ஏற்றிச்செல்லக் கப்பல் தலைவனிடம் பாதி விலை தருவதாகச் சொன்னானாம். அவன் கல்லை வாங்கிக்கொண்டு இவனைக் கடலில் தள்ளிவிட்டானாம். இது நடந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆனால் இந்தக் கதை பிட் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவர் கல்லை வஞ்சகமாகப் பறித்தார் என்றும் லண்டனில் பேசினார்கள். ஊர் திரும்பும் வழியில், 1710இல் நார்வேயின் பெர்கன் நகரில் உட்கார்ந்து, கல்லை வாங்கிய விவரத்தை, கேட்ட விலை, கொடுத்த விலை உட்பட, சத்தியம் செய்து எழுதி வைத்தார் பிட். பேரத் தொகை நமக்குத் தெரிவது அந்தக் காகிதத்தால்தான். வாங்கியதற்கு ஒழுங்கான சீட்டு இல்லாவிட்டால் கவர்னருக்கும் தலைகுனிவுதான்.

பிட் தேர்ந்தெடுத்த வழி, சொந்தப் பிள்ளை. 1702இல் மூத்த மகன் ராபர்ட் ‘லாயல் குக்’ என்ற கப்பலில் இங்கிலாந்து போனபோது கல்லும் அவரோடு போனது. செருப்பின் குதிகாலில் ஒளித்துக் கொண்டுபோனார் என்றொரு கதையும் இருக்கிறது. நான் கவனிப்பது ஆண்டை. அந்த 1702ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் போர் தொடங்கியது. கடலில் பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பல்கள் இங்கிலாந்துக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். மகனையும் சொத்தையும் ஒரே பலகையில் ஏற்றிவிட்டு, போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை ஓர் ஆண்டுக்கு மேல் ஒரு தகப்பன் காத்திருக்க வேண்டும். இன்று கைப்பேசியில் பார்சல் எங்கே இருக்கிறது என்று மணிக்கொரு தரம் பார்ப்பவர்கள் அதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

கல் பத்திரமாகப் போனது. பட்டை தீட்ட இரண்டு ஆண்டுகள் ஆயின. 410 காரட் 140 காரட்டாகச் சுருங்கியது. வாங்க ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் 1717இல் பிரான்ஸின் அரசப் பிரதிநிதி பிலிப் தோர்லெயான் 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். அதனால் அதற்கு ‘லெ ரெழான்’ என்று பெயர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்குப் பதினைந்தாம் லூயியின் சிறுவயதில் நாட்டை ஆண்ட ரெழானைத் தெரியும். அவர் பெயர் தாங்கிய கல் மதராஸ் கடற்கரையில் கப்பல் ஏறியது என்று யாரும் சொல்லித் தரவில்லை. 1702இல் இதே புதுச்சேரியில் பிரான்சுவா மர்த்தேன் கவர்னராக இருந்தார். மதராசுக்கும் புதுவைக்கும் 150 கிலோமீட்டர் தூரம். அந்தக் கல் பிரெஞ்சு அரசிடம் போய்ச் சேர, எதிரி நாட்டு லண்டனைச் சுற்றிக்கொண்டு 15 ஆண்டுகள் ஆயின.

இன்னொரு கோல்கொண்டா கல்லின் பயணம் இதைவிட நீண்டது. தவெர்னியே என்ற பிரெஞ்சு வணிகர் ஆறு முறை கீழ்த்திசைக்கு வந்தவர். அவர் கொண்டுபோன நீல வைரத்தைப் பதினான்காம் லூயி வாங்கினார். அதுவும் ரெழானும் பாரிஸில் ஒரே கருவூலத்தில் இருந்தன. 1792 செப்டம்பரில், புரட்சிக் குழப்பத்தில், திருடர்கள் ஜன்னல் வழியாக ஏறிச் சில இரவுகள் தொடர்ந்து கொள்ளையடித்தார்கள். ரெழான் அடுத்த ஆண்டு கிடைத்துவிட்டது. இப்போது லூவ்ரில் இருக்கிறது. நீலக்கல் காணாமல் போனது. இருபது ஆண்டுகள் கழித்து 1812இல் லண்டனில் அதே நிறத்தில், வேறு வடிவில், சிறியதாக ஒரு வைரம் தலைகாட்டியது. அதுதான் பிறகு ‘ஹோப் வைரம்’ என்று பெயர் பெற்றது.

இந்த இடத்தில் தபால்காரர் வருகிறார். 1905 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் 3,106 காரட் வைரம் கிடைத்தது. 600 கிராமுக்கு மேல்! ‘கல்லினன்’ என்று பெயர். அதை லண்டனுக்கு அனுப்ப வேண்டும். நீராவிக் கப்பலில் ஒரு பெட்டி ஏற்றினார்கள், தலைவரின் இரும்புப் பெட்டகத்தில் பூட்டினார்கள், கூடவே துப்பறியும் போலீஸ் காவல் போனது. அந்தப் பெட்டியில் உண்மையான கல் இல்லை. உண்மையான கல் சாதாரணப் பெட்டியில் பதிவுத் தபாலில் போனது. டிரான்ஸ்வால் அரசு 1907இல் 1,50,000 பவுண்டு கொடுத்து அதை வாங்கி ஏழாம் எட்வர்ட் மன்னருக்குப் பரிசளித்தது. பட்டை தீட்ட ஆம்ஸ்டர்டாமுக்குப் போக வேண்டியிருந்தபோது, 1908இல், மறுபடியும் அதே தந்திரம். கடற்படைக் கப்பல் வெறும் பெட்டியைச் சுமந்து சென்றது. ஆபிரகாம் ஆஷர் கல்லைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ரயிலிலும் படகிலும் ஊர் போய்ச் சேர்ந்தார்.

ஹோப் வைரத்துக்கும் அதே வழிதான். நியூயார்க் நகை வணிகர் ஹாரி வின்ஸ்டன் அதை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முடிவு செய்தார். 1958 நவம்பர் 8ஆம் தேதி பழுப்புக் காகிதத்தில் சுற்றிப் பதிவுத் தபாலில் சேர்த்தார். செலவு 145 டாலர் 29 சென்ட். அதில் தபால் கட்டணம் 2 டாலர் 44 சென்ட். மீதி முழுவதும் 10 லட்சம் டாலருக்கான காப்பீட்டுக்கு. 10ஆம் தேதி ஜேம்ஸ் டாட் என்ற தபால்காரர் கொண்டுபோய்க் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்தக் காகித உறை இப்போது அதே ஊரில் தபால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோடி மதிப்புள்ள கல்லுக்குப் பழுப்புக் காகிதம் எப்படிப் போதும் என்று கேட்கலாம். உறைக்குள் என்ன இருக்கிறது என்று வழியில் யாருக்கும் தெரியாது என்பது ஒரு காரணம். அடுத்த காரணம்தான் முக்கியம். பதிவுத் தபால் ஒவ்வொரு கை மாறும்போதும் ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார், மற்றவர் கையெழுத்திட்டு வாங்குகிறார். தொலைந்தால், கடைசியாகக் கையெழுத்திட்டவர் யார் என்று ஏட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். அனுப்புகைப் பிரிவில் இருந்தவர்களுக்கு அந்த ஏட்டின் கனம் தெரியும். நம் ஊரில் இன்ஷூர் செய்த பார்சலைத் துணியில் வைத்துத் தைத்து, தையல் மேல் வரிசையாக அரக்கு வைத்து, ஒரே முத்திரையைக் குத்தி எடுத்துப் போவோமே, நினைவிருக்கிறதா? ஒரு முத்திரை உடைந்திருந்தாலும் தபால் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். மதராஸ் வணிகர்களின் முத்திரைப் பையும் இதே ஏற்பாடுதான்.

பிரெஞ்சில் பதிவுத் தபாலை ‘ரெகொமாந்தே’ என்போம். அதற்கும் மேலே ‘வலேர் தெக்லாரே’ என்று ஒன்று உண்டு. மதிப்பை அறிவித்து அனுப்புவது. 1878இல் பாரிஸில் கூடிய நாடுகள் மதிப்பு அறிவித்த கடிதங்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள உடன்படிக்கை செய்தன. உலகத் தபால் ஒன்றியத்தின் அலுவல் மொழி பிரெஞ்சு என்பதால்தான் நம் விமானத் தபால் ஒட்டுச்சீட்டிலும் ‘பார் அவியோன்’ என்று இருந்தது. விலையுயர்ந்த கல்லைச் சாதாரணக் கடித உறையில் போடக்கூடாது என்பதும் அந்த ஒன்றியத்தின் பழைய விதி.

இன்று பெரிய வணிகர்கள் கவச வண்டியிலும் தனி விமானப் பெட்டியிலும் அனுப்புகிறார்கள். அதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. 2013 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில், கவச வண்டியிலிருந்து விமானத்தில் ஏற்றிய வைரங்களை, போலீஸ் உடையில் வந்த எட்டுப் பேர் சில நிமிடங்களில் அள்ளிக்கொண்டு போனார்கள். சுமார் 5 கோடி டாலர் மதிப்பு. காவல் எங்கே இருக்கிறதோ அங்கே சரக்கு இருக்கிறது என்று திருடனுக்கும் தெரியுமல்லவா?

ஆகவே என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த வழி என்பதற்கு முன்னால், வழியில் தொலைந்தால் நஷ்டம் யார் தலையில் விழும் என்று கேளுங்கள். பிட்டுக்கு அது மகன் தலையில். பவழக்காரத் தெருக்காரர்கள் அதை மூன்று கப்பலுக்குப் பங்கிட்டார்கள். வின்ஸ்டன் 142 டாலர் சொச்சம் கொடுத்து அரசின் தலையில் வைத்தார். விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: உங்கள் கைக்கு வரும்வரை பொறுப்பு அவருடையதா, கடையை விட்டுக் கிளம்பியதுமே உங்களுடையதா? கூரியர் என்றால், அவர்கள் கற்களை ஏற்கிறார்களா, எவ்வளவு மதிப்புவரை பொறுப்பேற்கிறார்கள் என்று பாருங்கள். பல நிறுவனங்கள் இதற்கு வரம்பு வைத்திருக்கின்றன.

சுங்கத்துக்குப் பயந்து மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். நம்மவர்கள் பலர் இதைச் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். ஆயிரம் யூரோ கல்லுக்கு ஐம்பது யூரோ என்று எழுதினால், தொலைந்தபின் கிடைப்பதும் ஐம்பதுதான். சுங்கத்தில் பிடிபட்டால் கல்லும் போகும், கௌரவமும் போகும். கையில் கொடுத்தனுப்பினால் தொல்லை இல்லை என்பதும் சரியல்ல. கொண்டுவரும் பிள்ளை விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டும். பில்லும் அறிவிப்பும் இல்லாமல் உறவினர் பையில் வைப்பது, நம் கல்லின் பாரத்தை அவர் தலையில் ஏற்றுவது.

இந்திய அஞ்சல் துறை 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டது. பெயர் போனது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒவ்வொரு கை மாறும்போதும் பெயர் எழுதி வாங்கும் பழக்கம் போகக்கூடாது. இனி எந்த வழியில் கல் வந்தாலும், சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உறையைப் பிரிக்குமுன் முத்திரையைப் பாருங்கள். உடைந்திருந்தால், கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு திறவுங்கள்.