டேப் ரெக்கார்டர் என்றொரு உருவகம்

மூளையைத் தொட்டால் வலிக்காது. தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, நோயாளியோடு பேசிக்கொண்டே அறுவை செய்யலாம். மொன்ட்ரியலில் 1934இல் நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கிய வைல்டர் பென்ஃபீல்ட் வலிப்புக்கு இப்படித்தான் வைத்தியம் பார்த்தார். எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்றறிய மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்ப்பார். காதுக்கு மேலுள்ள பகுதியைத் தொட்டபோது ஒரு பெண்ணுக்கு வாத்திய இசை கேட்டது. அறையில் யாரோ கிராமஃபோன் போட்டுவிட்டதாகவே அவள் நம்பினாள். மறுபடி தொட்டால் மறுபடி அதே பாட்டு. கூடவே முணுமுணுத்தும் காட்டினாள்.

இதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவுதான் விவகாரம்: நாம் கவனித்ததெல்லாம் டேப் போல, சினிமாச் சுருள் போல மூளையில் அப்படியே பதிவாகிக் கிடக்கிறதாம். 1950களில் டேப் ரெக்கார்டர் புதுச் சாமான். உருவகம் சட்டென்று ஒட்டிக்கொண்டது. ஆய்வை வாசிக்காதவர்களிடமும் அது போய்ச் சேர்ந்தது. கணக்கு போய்ச் சேரவில்லை. கணக்கை மறைத்தார் என்றும் சொல்ல முடியாது. 1963இல் பெரோவோடு சேர்ந்தெழுதிய கட்டுரையில் அவரே தருகிறார்: அந்தப் பகுதி தூண்டப்பட்ட 520 பேரில் இப்படி ஏதாவது அனுபவம் சொன்னவர்கள் 40 பேர். மற்ற 480 பேருக்கு ஏன் டேப் ஓடவில்லை?

1980இல் எலிசபெத் லோஃப்டசும் ஜெஃப்ரி லோஃப்டசும் இதைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். நோயாளிகள் சொன்னவற்றில் பல, நடந்ததன் மறு ஒலிபரப்பாக இல்லாமல் கனவைப் போலக் கட்டப்பட்டவை என்றார்கள். அவர்கள் விசாரித்த உளவியலாளர்களிலேயே 84 சதவீதம் பேர், கற்றது எதுவும் அழிவதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்! பொதுமக்களை என்ன சொல்வது. புதைந்த நினைவு கெடாமல் இருக்கும் என்ற நம்பிக்கை கோர்ட்டுக்கும் போனது. 1990இல் கலிஃபோர்னியாவில், 20 ஆண்டு கழித்து மீண்டதாகச் சொல்லப்பட்ட நினைவை வைத்து ஒருவர் கொலைக் குற்றவாளியாக்கப்பட்டார். 1995இல் அத்தீர்ப்பு ரத்தானது. பாதிக்கப்பட்டவர்களெல்லாம் பொய் சொல்கிறார்கள் என்று இதை வைத்து வாதிடுபவர்களும் உண்டு. அவர்கள் பக்கம் நான் இல்லை. மாறுகிற நினைவும் பொய்யான நினைவும் ஒன்றல்ல.

எனக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது. வாய்மொழி வரலாறு சேகரிக்க டேப் ரெக்கார்டரோடு அலைந்தவன் நான். வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாதென்று களத்துமேட்டில் உட்கார்ந்து ஒரு கிழவி பாடினாள். ஒரே ஒப்பாரி, மூன்று நாள், மூன்று விதம். "எது ஆத்தா சரி?" என்றேன். "செத்தவன் ஒருத்தன்தானய்யா, எல்லாம் அவனுக்குத்தான்" என்றாள்.

நான் முதல் நாளுடையதை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டின் மேல் வேறொரு பேட்டியைப் பதிந்தேன்.