கிளாக்கோமா: ‘படலம்’ என்னும் பிழை

மலேசியாவின் சிகாமட்டுக்கு ஒரு பெயர்க்கதை உண்டு. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தபோது தப்பி வந்த பெண்டஹாரா (முதலமைச்சர்), இங்கே ஆற்றுநீரைக் குடித்து, ‘செகார் அமாட்’ (மிகப் புத்துணர்ச்சி) என்று மகிழ்ந்தாராம். வெறும் ஒலியொப்புமை. கதையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இதே ஊர் மேடையொன்றில், கண்ணோயைக் குறிக்கும் ‘கிளாக்கோமா’வின் வேர் நம் ‘கலங்கு’ என்று ஒருவர் முழங்க, கைதட்டலும் கிடைத்தது. அதை விட முடியாது.

‘கிளாக்கோஸ்’ ஹோமரிலேயே உள்ள கிரேக்கச் சொல். கடலின் நீலப்பசுமையைச் சுட்டும். அத்தீனாவின் விழிக்கும் அதுவே அடைமொழி. ‘ஓமா’ விகுதி. கலங்குக்கு அங்கே வேலை இல்லை. ஒப்பிட்டே ஆகவேண்டுமானால் சங்க நூல்களின் ‘பைங்கண்’ இருக்கிறதே! அதுவும் பொருளொப்புமைதான், உறவன்று.

இப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல் முதியோர் நோய்களில் கிளாக்கோமாவைச் சேர்த்தது. ஆனால் அன்று புரையும் இதுவும் தெளிவாகப் பிரியவில்லை. புரை என்பது விழிவில்லையின் மங்கல் என்று 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவர் பிரிசோ காட்டினார். கிளாக்கோமாவில் கண் இறுகுவதை 1622இலேயே ஆங்கிலேய மருத்துவர் பானிஸ்டர் எழுதியிருந்தும் எவரும் பொருட்படுத்தவில்லை. 1857இல் ஜெர்மானிய மருத்துவர் கிராஃபே, கண்மணியைச் சூழ்ந்த திரையில் ஒரு துண்டை நறுக்கிக் கண்ணின் உள்ளழுத்தத்தைத் தணித்தார். நம் சென்னை பின்தங்கவில்லை. எழும்பூர் கண் மருத்துவமனையில் மருத்துவர் எலியட் 1909 முதல், வெண்விழியும் கருவிழியும் கூடும் விளிம்பில் வட்டத் துளையிட்டு உள்நீரை வடித்தார். அந்த முறை உலகெங்கும் பரவியது.

இந்நோய்க்குத் தமிழ்ப் பெயராகக் ‘காசம்’ என்ற பழஞ்சொல்லை மீட்கலாம் என்போர் உண்டு. வடமொழியில் கண்ணோயைக் குறித்த ‘காச’மும் இருமலைக் குறித்த ‘காஸ’மும் தமிழில் ஒன்றாகிவிட்டன. இன்று காசம் என்றால் டிபி. ஆகவே அது உதவாது.

இந்நோய்க்கு அகராதிகள் தரும் ‘பசும்படலம்’ அதைவிடக் கேடு. படலம் என்றதும் நம்மவர் புரையென்றே கொள்வர். ‘பூ விழுந்திருக்கிறது, முற்றட்டும், எடுத்துக்கொள்ளலாம்’ என்று காத்திருப்பர். புரையை அகற்றினால் பார்வை திரும்பும். கிளாக்கோமாவில் கெடுவது பார்வை நரம்பு; போனது திரும்பாது. அழுத்தம் இயல்பாக இருந்தும் சிலருக்கு இந்நோய் வருவதால் ‘கண்ணழுத்த நோய்’ என்பதும் குறையுள்ள பெயரே. இருந்தாலும், அளந்து பார்க்கச் சொல்லும் பெயர் அது. அகராதி தொகுப்போர் பசும்படலத்தை நீக்கிவிடட்டும்.